கணுக்கால் அளவு தண்ணீர்: ஓமான் நாட்குறிப்பு

9 ஜனவரி 2025, வியாழன் – மஸ்கட்டிலிருந்து நிஸ்வா

ஒன்றரை மணி நேரப் பயணம் என்று கிளம்பியது மூன்று மணி நேரம் ஆயிற்று. ஓமானில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வியாழன் மாலை ஆனதும் மஸ்கட்டில் வேலை பார்க்கிறவர்கள் மலைப்பக்கத்துச் சொந்த ஊர்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நெடுஞ்சாலை முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. என் தங்கை வீட்டுக்காரர், அதாவது மச்சான், பல வருடமாக இங்கே வேலையில் இருப்பவர். அரபி சரளமாகப் பேசுவார். அவர் இல்லாமல் இந்தப் பயணமே நடந்திருக்காது.

மக்ரிப் தொழுகைக்குச் சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றில் நிறுத்தினோம். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ‘ஒளு’ச் செய்யும் இடத்தில் என் பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நின்ற பெரியவர் எதுவும் பேசவில்லை. கையை நீட்டிக் குழாயை நூல் அளவுக்குத் திருகினார், பையனின் தலையைத் தடவினார், உள்ளே போய்விட்டார். பையனும் அதன் பிறகு குழாயைத் தொடவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) ஒரு ‘முத்’ தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் வருகிறது. இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவு அது. முக்கால் லிட்டருக்குள்தான் இருக்கும். அந்தக் குழாயடியில் ஒருவர் கால் கழுவி முடிப்பதற்குள் அதைப்போலப் பல மடங்கு ஓடிவிடுகிறது. மஸ்கட்டின் குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரில் உப்பை நீக்கி எடுப்பது. எரிவாயுவை எரித்து உண்டாக்கிய தண்ணீர் அது.

எதற்காக வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்லாமும் சுற்றுச்சூழலும் என்று நம் பள்ளிவாசல்களில் பேசக் கேட்டிருக்கிறேன். மரம் நடுவது தர்மம் என்கிற ஹதீஸை, அதாவது நபிமொழியைச் சொல்வார்கள், வீண்விரயம் கூடாது என்ற வசனத்தை ஓதுவார்கள், அத்தோடு பேச்சு முடியும். அந்தப் போதனை நூற்றாண்டுகளாக ஓர் ஊரின் தினசரி ஏற்பாடாக நடந்துவருகிற இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஓமானின் ஃபலஜ் வாய்க்கால்கள் அப்படிப்பட்டவை என்று படித்திருந்தேன். 3,000-க்கு மேல் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

இரவு கோழிக்கோட்டுக்காரர் ஒருவரின் கடையில் பரோட்டாவும் மீன் குழம்பும். கரக் சாயா 200 பைசா. ஒரு ரியாலுக்கு 1,000 பைசா, நம் பணத்தில் சுமார் 220 ரூபாய். மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்த்தால் எதையும் வாங்க முடியாது என்று மச்சான் முதலிலேயே சொல்லிவிட்டார்.

10 ஜனவரி, வெள்ளி – நிஸ்வா

காலை ஏழு மணிக்கெல்லாம் கோட்டைக்குப் பக்கத்து ஆட்டுச் சந்தையில் கூட்டம். வட்டப் பாதையில் விற்பவர்கள் ஆட்டைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு விலையைச் சொல்லியபடி சுற்றிச் சுற்றி வருகிறார்கள். வாங்குபவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். பிடித்தால் கையைத் தட்டி நிறுத்துவது, பல்லைப் பார்ப்பது, மடியைத் தொட்டுப் பார்ப்பது, அப்புறம் பேரம். நல்ல கிடாய் ஒன்று 120 ரியாலுக்குப் போயிற்று. முகத்தில் பாரம்பரிய முகமூடி அணிந்த பாட்டி ஒருவர் இரண்டே இரண்டு குட்டிகளைக் கொண்டு வந்திருந்தார். பத்துப் பதினைந்து ஆடுகளோடு வந்தவர்கள் அவருக்கு வழிவிட்டு, அவர் விற்று முடிக்கும்வரை காத்திருந்தார்கள். சட்டம் ஒன்றுமில்லை, வழக்கம் அவ்வளவுதான் என்றார் மச்சான்.

எனக்கு உமர் (ரலி) அவர்களின் சொல் ஞாபகம் வந்தது. மேய்ச்சல் நிலத்தைக் காப்பதற்காக ஒதுக்கி வைக்கும் ‘ஹிமா’ என்ற முறை அரேபியாவில் இஸ்லாத்துக்கு முன்பே இருந்தது. பலம் உள்ள தலைவன் தன் மந்தைக்காகப் பிடித்துவைத்த நிலம் அது. நபியவர்கள் அதைப் பொதுநலனுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். உமர் (ரலி) கலீஃபாவாக இருந்தபோது ஹிமாவின் காவலுக்கு ஹுனை என்பவரை வைத்தார்கள். நாலு ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே என்று அவரிடம் சொன்னார்கள். அந்த இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. இருவருமே பெரிய சஹாபிகள் (நபித்தோழர்கள்), செல்வர்கள். அவர்களின் கால்நடை செத்தால் தோட்டத்தையும் விவசாயத்தையும் வைத்துப் பிழைத்துக்கொள்வார்கள், ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான் என்பது கலீஃபா சொன்ன காரணம். புகாரியில் இருக்கிறது. நிலத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வேலி போடும்போது முதலில் வெளியே தள்ளப்படுவது ஏழைதான், உலகம் முழுக்க. அதற்கு நேர் எதிரான உத்தரவு இது. சுற்றுச்சூழல் பேசும் மேடைகளில் இந்த ஹதீஸை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜும்ஆ தொழுகையில் பக்கத்தில் நின்றவர்கள் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுதார்கள். ஓமானில் இபாழி என்ற இஸ்லாமியப் பிரிவினர் அதிகம், அவர்களின் வழக்கம் இது. நாங்கள் கட்டியிருந்தோம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் இருபுறமும் கைகொடுத்தார்கள்.

மாலை ஃபலஜ் தாரிஸ். நிஸ்வாவுக்கு வெளியே பூங்கா போல வைத்திருக்கிறார்கள். முழங்காலளவு தெளிந்த தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. மோட்டார் கிடையாது. மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் இடத்தில் ‘தாய்க் கிணறு’ தோண்டி, அங்கிருந்து மிக லேசான சரிவில் சுரங்கமாக வெட்டிக் கொண்டுவருகிறார்கள். வழி நெடுக மண் அள்ளவும் காற்று போகவும் கிணறுகள். ஊரை நெருங்கும்போது நீர் தானாகத் தரைமட்டத்துக்கு வந்துவிடுகிறது. பூமி எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் வரும். கூடக் கேட்க முடியாது.

புல்லில் பாய் விரித்திருந்த குடும்பம் ஒன்று கூப்பிட்டு உட்கார வைத்தது. பேரீச்சம்பழம், ஏலக்காய் வாசனையோடு கஹ்வா என்ற அரபுக் காப்பி. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வீட்டின் தாத்தா வாய்க்காலின் ஒழுங்கைச் சொன்னார், மச்சான் மொழிபெயர்த்தார். தண்ணீர் வெளியே வரும் முதல் இடம் குடிநீருக்கு. அங்கே யாரும் கை கால் கழுவக் கூடாது. அடுத்து பள்ளிவாசல். அதற்குக் கீழே ஆண்கள் குளிக்கும் இடம், பெண்கள் குளிக்கும் இடம். அதற்குப் பிறகுதான் பேரீச்சந் தோப்பு. கடைசியில் கோதுமை, காய்கறி போன்ற பருவப் பயிர். குடிநீருக்கு யாரிடமும் காசு வாங்க முடியாது. தாகத்துக்கு எல்லோருக்கும் உரிமை, மிருகத்துக்கும்கூட.

பருவப் பயிரை ஏன் கடைசியில் வைத்தார்கள் என்று கேட்டேன். மழை பொய்த்த வருடம் அந்த நிலத்தை விதைக்காமல் விட்டுவிடுவோம், மரம் பிழைத்துக்கொள்ளும் என்றார். ஒரு பேரீச்சை வளர்ந்து நிற்கப் பல வருடம் ஆகிறது, கோதுமையை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம். பஞ்சம் வந்தபின் யோசிப்பதற்குப் பதிலாக, வாய்க்காலை வெட்டும்போதே யோசித்திருக்கிறார்கள்.

11 ஜனவரி, சனி – பிர்கத் அல் மவுஸ், ஜபல் அக்தர்

காலையில் ஒரு தடங்கல். ஜபல் அக்தர் மலைக்குப் போக நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். இந்தக் கார் போதும் என்று வாடகைக்குக் கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அடிவாரச் சோதனைச் சாவடியில் காவலர் மிக மரியாதையாக சலாம் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, திருப்பி அனுப்பிவிட்டார். மலைக்குப் போகும் உள்ளூர் வண்டிக்காரருக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நேரம் வீணாகவில்லை. சாவடிக்குக் கீழே இருக்கும் பிர்கத் அல் மவுஸில்தான் ஃபலஜ் அல் கத்மைன் ஓடுகிறது. யுனெஸ்கோ ஐந்தில் இதுவும் ஒன்று. பழைய கோட்டை மாளிகைக்குப் பக்கத்தில் வந்து மூன்று கிளையாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மதகு இல்லை, பூட்டு இல்லை. கல்லை வெட்டிய விதத்திலேயே மூன்றுக்கும் சமமாகப் போகிறது. யாரும் இரவில் வந்து ஏமாற்ற வழியில்லை.

வண்டிக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 35 ரியால் கேட்டார், 30-க்கு ஒத்துக்கொண்டார். மேலே சைக் பீடபூமி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். காற்று எலும்பில் இறங்கியது. நான் எடுத்துப்போன சட்டை எந்த மூலைக்கும் போதவில்லை. அவர் பின்சீட்டிலிருந்து கம்பளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார், ஆட்டு வாசனையோடு.

ரோஜாவுக்கும் மாதுளைக்கும் பேர்போன அடுக்கு வயல்கள் இங்கே. ஜனவரியில் ரோஜா கிடையாது, பூப்பது மார்ச் கடைசிக்குப் பிறகு. மாதுளை மரங்கள் இலையின்றி நின்றன. பருவம் அப்படி என்று விட்டுவிடலாம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட அடுக்குகள் கட்டுச் சுவர் சரிந்து, புல்கூட இல்லாமல் கிடந்தன. அது பருவத்தால் வந்ததில்லை. தன் அப்பா காலத்தில் இதெல்லாம் பச்சை, மழை குறைந்தது, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், வாய்க்கால் தூர்வார ஆள் இல்லை என்று அவர் வரிசையாகச் சொன்னார். சொல்லும்போது குரல் மாறவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

இறங்கும் வழியில் மோட்டார் பம்பைப் பற்றிக் கேட்டேன். சமவெளியில் அதுதான் பெரிய பிரச்சினை என்றார். ஃபலஜ் ஊற்றை வற்றவிடாது. அது வழிகிற நீரை மட்டும் எடுக்கும். பம்பு அடியிலிருந்து உறிஞ்சும், ஒருவன் ஆழப்படுத்தினால் பக்கத்து வாய்க்கால் வறண்டுவிடும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் சுற்றிலும் ‘ஹரீம்’ என்ற பாதுகாப்பு எல்லை வைப்பது பழைய இஸ்லாமியச் சட்ட வழக்கம். இன்றைய ஓமான் சட்டமும் அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஃபலஜின் தாய்க் கிணற்றிலிருந்து 3.5 கிலோமீட்டருக்குள் புதுக் கிணறு தோண்டக் கூடாது. வானத்தை உயர்த்தித் தராசை வைத்தான், தராசில் வரம்பு மீறாதீர்கள் என்று குர்ஆனின் அர்ரஹ்மான் சூராவில் வருகிறதே, அதை மீட்டரில் அளந்து எழுதியது மாதிரிதான் எனக்குப் பட்டது.

12 ஜனவரி, ஞாயிறு – மிஸ்ஃபத் அல் அப்ரியீன்

இந்த ஊருக்காக மட்டுமே மறுபடி வருவேன். மலைச்சரிவில் பாறை மேல் நிற்கும் மண் வீடுகள். கீழே அடுக்கடுக்காக பேரீச்சை, வாழை, எலுமிச்சை, மாதுளை. நடுவே ஒரு முழ அகலத்தில் ஃபலஜ் ஓடுகிறது, அதன் விளிம்பில்தான் நடக்க வேண்டும். அடக்கமாக உடுத்திக்கொள்ளுங்கள், சத்தம் போடாதீர்கள் என்று நுழைவாயிலில் பலகை வைத்திருக்கிறார்கள். பார்க்க வந்தவர்களில் பலர் அதை மதிக்கவில்லை. ஒருவர் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனார். ஊர்க்காரர்கள் முகம் சுளிக்காமல் சலாம் சொன்னார்கள்.

விளிம்பில் நடக்கும்போது என் ஒரு செருப்பு நழுவி வாய்க்காலில் விழுந்து ஓட ஆரம்பித்தது. கீழ் அடுக்கில் இருந்த இரண்டு பையன்கள் ஓடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தண்ணீர் அசுத்தமாகிவிட்டதே என்று நான் தவித்தேன். மண்வெட்டியோடு நின்றிருந்த தோட்டக்காரர், பள்ளிவாசலைத் தாண்டி வந்துவிட்டது, இனி மரத்துக்குத்தான், கவலைப்படாதீர்கள் என்றார். மேலே விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று மச்சான் கேட்டார். அவர் மண்வெட்டியைக் காட்டிச் சிரித்தார்.

அப்போது அவருடைய முறை. வாய்க்கால் ஓரத்தில் துணி சுற்றிய கல் ஒன்று அடைப்பாக இருந்தது. அதை எடுத்ததும் நீர் அவர் தோட்டத்துக்குத் திரும்பியது. நேரம் முடிந்ததும் அடைத்துவிட்டுக் கீழே விட்டார். கூப்பிடவோ கடிகாரம் பார்க்கச் சொல்லவோ யாரும் வரவில்லை. பங்கு நேரத்தில் அளக்கப்படுகிறது. ‘அதர்’ என்பது ஏறக்குறைய அரைமணி நேரம். முன்பு பகலில் நட்ட கோலின் நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்துக் கணக்கிட்டார்கள். இப்போது கைக்கடிகாரம். நம் ஏரிப் பாசனத்தில் வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி பார்த்த வேலையை இங்கே ‘அரீஃப்’ பார்க்கிறார், அவருக்கு மேலே கணக்கு வழக்குக்கு ‘வகீல்’.

நேரத்தில் பங்கு வைத்ததன் அருமை அங்கே நின்றபோதுதான் உறைத்தது. இத்தனை லிட்டர் என்று பங்கு இருந்தால், நீர் குறையும் வருடம் மேல் தோட்டக்காரன் தன் லிட்டரை எடுத்துக்கொள்வான், கடைசித் தோட்டம் காயும். நேரம் என்றால், வாய்க்கால் பாதியாகும்போது எல்லோருக்கும் பாதியாகும். பஞ்சத்தையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

மதீனாவில் மஹ்ஸூர், முதைனிப் என்ற காட்டாறுகளின் நீரைப் பற்றி நபியவர்கள் தந்த தீர்ப்பும் இதே நியாயம்தான். மேலே இருப்பவர் கணுக்கால் அளவு நிற்கும்வரை தேக்கலாம், அப்புறம் கீழே விட்டாக வேண்டும். மேட்டில் நிலம் இருப்பது உரிமையைக் கொடுக்கும், அந்த உரிமைக்கு கணுக்கால்தான் எல்லை. இதைத் தோட்டக்காரரிடம் சொன்னேன். அவருக்கு அந்த ஹதீஸ் தெரிந்திருந்தது. தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார்.

வாய்க்காலைப் பராமரிக்கும் செலவு எங்கிருந்து வருகிறது? சில பங்குகள் யாருக்கும் சொந்தமில்லை. ஃபலஜுக்கே சொந்தம். அந்த நேரத்தை ஏலம் விட்டு, வரும் பணத்தில் தூர்வாருகிறார்கள், இடிந்ததைக் கட்டுகிறார்கள். சில பங்குகளும் மரங்களும் பள்ளிவாசலுக்கு வக்ஃப், அதாவது நிரந்தரமாக எழுதிவைத்த தர்மம். மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்களே, அந்த வழி. நம் ஊரில் வக்ஃப் என்றதும் கடை வாடகையும் வழக்கும் ஞாபகம் வருகிறது. தண்ணீரில் அரைமணி நேரத்தை வக்ஃப் செய்ய முடியும் என்று எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

மதியச் சாப்பாடு தங்கும் விடுதியாக மாற்றிய பழைய வீட்டில். பெரிய தட்டில் சோறும் கோழியும், எங்கள் இருவரோடு வேறு இரண்டு ஓமானியர்கள். ஆளுக்கு 5 ரியால். தட்டில் மிஞ்சியதை வீட்டுக்காரர் ஒரு பருக்கை விடாமல் வழித்து ஒரு பாத்திரத்தில் போட்டார். பேரீச்சங்கொட்டைகள் தனியே. ஆடுகளுக்காம். மஸ்கட்டில் பெரிய விருந்துகளில் சோறு மலைபோல மிஞ்சிக் குப்பைக்குப் போவதை மச்சான் பார்த்திருக்கிறார். உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்ற வசனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இங்கே ஆடு இருக்கிறது, அதைப் போடுவதற்குப் பாத்திரம் இருக்கிறது.

13 ஜனவரி, திங்கள் – மஸ்கட்

காலையில் லேசான தூறல். மத்ரா சந்தையில் தங்கைக்குத் துணி எடுத்தேன். பிளாஸ்டிக் பை தர மறுத்துவிட்டார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பைகளைப் படிப்படியாக ஒழிக்கிறார்கள். 2024 ஜூலையில் மருந்துக் கடைகளில் ஆரம்பித்து, இந்த ஜனவரி முதல் துணிக் கடைகளுக்கும் வந்திருக்கிறது. துணிப் பைக்குத் தனியாக 200 பைசா. பின்னால் நின்ற அம்மா ஒருவர் சலித்துக்கொண்டார், பிறகு தானும் ஒன்று வாங்கினார்.

இரவு மச்சானின் அடுத்த வீட்டுக்காரர் வந்திருந்தார், ஓய்வு பெற்ற ஆசிரியர். நான் ஊரெல்லாம் புகழ்ந்து பேசியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அரேபிய ஓரிக்ஸ் மான் கதை தெரியுமா என்றார். காட்டில் இருந்த கடைசி மான்கள் 1972-இல் வேட்டையாடப்பட்டு அழிந்தன. வெளிநாட்டில் வளர்த்தவற்றைக் கொண்டுவந்து 1982-இல் ஓமான் பாலையில் மறுபடி விட்டார்கள். ஹராஸிஸ் பழங்குடி மக்கள் காவலர்களாக இருந்தார்கள். அந்தச் சரணாலயம் 1994-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1996-இல் 450 மான்கள் இருந்தன. கள்ள வேட்டையில் அது 65 ஆனது. சரணாலயத்தின் பரப்பை அரசே 90 சதவீதம் குறைத்தது, எண்ணெய் தேடுவதற்காக. 2007-இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலகிலேயே அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

அதே நாடு, அதே தொழுகை, அதே வசனங்கள் என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொன்னார். ஃபலஜில் ஒருவன் ஏமாற்றினால் கீழ்த்தோட்டக்காரன் அன்று மாலையே வந்து நிற்பான். மானுக்காக வந்து நிற்க யார் இருந்தார்கள்? எனக்குப் பதில் வரவில்லை. ஹுனையைப் போல ஒரு காவலர், அவருக்குப் பின்னால் உமரைப் போல ஒரு கலீஃபா இருந்திருக்க வேண்டும் என்றேன். முதலாமவர் இருந்தார் என்றார் அவர்.

பேச்சு நள்ளிரவு வரை போயிற்று. கிளம்பும்போது, ஏலத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். தனக்குத் தெரிந்த ஊரில் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன் ஃபலஜின் பங்கை ஏலம் விடுவார்கள், அடுத்த முறை வரும்போது வியாழன் இரவே அங்கே போய்த் தங்கிவிடுங்கள் என்று வகீலின் பெயரை மச்சானிடம் எழுதிக் கொடுத்தார்.